நான் ஹீலியமாக இருந்த வாரம்

நான் ஒரு காலத்தில் ஹீலியமாக இருந்தேன். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பத்தாவது முடித்ததும் படகு மோட்டார் பழுது பார்க்கப் போனேன், இன்றைக்கும் அதே வேலைதான். பள்ளிக்கூடத்தில் படித்ததில் முக்கால்வாசி மறந்துபோச்சு. ஆனால் தனிம அட்டவணையின் முதல் கட்டத்தையும் இரண்டாவது கட்டத்தையும் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த இரண்டு கட்டத்திலும் என் சொந்தக் காலால் நின்றவன் நான்.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் பின்சுவரைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் அலை. நான் ஏழாவது படித்தபோது அறிவியல் பாடத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். ஒருநாள் அவர் கோலமாவு டப்பாவோடு மைதானத்துக்கு வந்து, குனிந்து குனிந்து கட்டம் போட ஆரம்பித்தார். பாண்டி விளையாடப் போகிறோம் என்று நினைத்து, நாங்கள் பாவாடையையும் டிராயரையும் இழுத்துச் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றோம். கட்டங்கள் பெருகிக்கொண்டே போயின. பாண்டிக் கட்டம் மாதிரியும் இல்லை. இடது ஓரத்தில் ஒன்று உயர்ந்து நின்றது, வலது ஓரத்தில் ஒன்று உயர்ந்து நின்றது, நடுவில் பள்ளம். அலையில் ஏறி இறங்கும் படகைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் இருந்தது.

"இதுதான் உலகம்," என்றார் டீச்சர், மாவுக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே. "உலகத்துல இருக்கிற எல்லாப் பொருளும் இந்தக் கட்டத்துல இருக்கிறவங்களாலதான் ஆனது. நீங்க, நான், கடலு, படகு, நெத்திலி, எல்லாமே."

"நெத்திலி கூடவா டீச்சர்?"

"நெத்திலி கூட."

அன்றைக்கு நாங்கள் அசந்துபோனோம். ஒரு தங்கத் துணுக்கை எடுத்து உடைத்து, உடைத்ததை உடைத்து, அதையும் உடைத்துக்கொண்டே போனால், கடைசியில் தங்கத்தின் குணத்தோடு ஒரு துளியூண்டு மிஞ்சும். அதுதான் தங்கத்தின் அணு. அதையும் உடைத்துவிட்டால் அப்புறம் அது தங்கமே இல்லை. ஒரே வகை அணு மட்டும் இருந்தால் அந்தப் பொருள் தனிமம். இப்படி நூற்றுக்கும் மேலே தனிமங்கள் உண்டு. ஆளுக்கொரு கட்டம், கட்டத்துக்கொரு எண். மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒரே குணம். "உங்க தெருவுல சொந்தக்காரங்க பக்கத்துப் பக்கத்துல வீடு கட்டிக்கிறீங்கள்ல, அது மாதிரி," என்றார் டீச்சர். எங்களுக்கு உடனே புரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் குப்பத்தையே கலக்கிவிட்டது. செங்கல்பட்டில் அறிவியல் கண்காட்சி வருகிறது. மற்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அட்டவணையை அட்டையில் வரைந்து வருவார்கள். நாம் தரையில் வரையப் போகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளை நிற்க வேண்டும். கையில் அந்தத் தனிமம் இருக்க வேண்டும். படம் கூடாது, பெயர் எழுதிய சீட்டு கூடாது, நிஜமான பொருள் வேண்டும். அதுவும் நம் குப்பத்திலேயே கிடைத்ததாக இருக்க வேண்டும்.

"வேன் ஒண்ணுதான் பேசியிருக்கேன். யாரு தனிமம் கொண்டாறாங்களோ அவங்களுக்குத்தான் வேன்ல இடம்."

நான் அதுவரை செங்கல்பட்டைப் பார்த்ததே இல்லை. அங்கே ரயில் வரும், பெரிய ஏரி இருக்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி. அந்த வேனில் நான் ஏறியே ஆக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசல் காயலான் கடை மாதிரி ஆகிவிட்டது. என் பக்கத்தில் உட்காருகிற கூட்டாளி, வலையின் அடியில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றைக் கொண்டுவந்து ஈயம் ஆகிவிட்டான். மீன்காரம்மா மகள் ஒருத்தி அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டே வந்து அலுமினியக் கட்டத்தைப் பிடித்தாள். அடுப்புக்கரி கொண்டுவந்தவள் கார்பன். மோட்டார் காயில் கம்பிக்காரன் செம்பு. டார்ச் செல்லின் மேல்தகட்டைப் பிரித்து வந்தவன் துத்தநாகம். நாட்டு மருந்துக் கடையில் கந்தகத்துண்டு வாங்கி வந்தவன்மேல் ஒரு மாதிரி வாசனை அடித்ததால் அவனை யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை. அவன் கவலைப்படவும் இல்லை, அவனுக்குத்தான் வேனில் இடம் உறுதியாகிவிட்டதே. அன்றிலிருந்து யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "டேய் ஈயம்", "அடியே கரி" என்றுதான் பேச்சு.

எல்லாவற்றையும் டீச்சர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவன் கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்து, "சோடியம் டீச்சர்" என்றான். "இதுல சோடியமும் குளோரினும் ஒண்ணை ஒண்ணு கெட்டியா புடிச்சுக்கிட்டு இருக்குடா. தனியா இருந்தாத்தான் தனிமம்," என்று திருப்பி அனுப்பினார். இன்னொருவன் மூடி போட்ட காலி பாட்டிலை நீட்டி, உள்ளே இருப்பது நைட்ரஜன் என்று சத்தியம் செய்தான். டீச்சர் சிரித்துவிட்டு, காற்று ஒரு கலவை, அதில் நைட்ரஜனோடு ஆக்சிஜனும் இன்னும் பலதும் இருக்கிறது என்றார். ஒருத்தி சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஹைட்ரஜன் கட்டத்தில் வைத்தாள். அதுவும் செல்லவில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடினால்தான் தண்ணீர். ஆகவே அட்டவணையின் முதல் கட்டமே காலியாகக் கிடந்தது. டீச்சருக்கு அது ஒரு குறைதான்.

என் கட்டமும் காலியாகத்தான் இருந்தது. எதை நினைத்தாலும் யாராவது முந்திக்கொண்டார்கள். வெள்ளி என்று கொலுசைத் தேடினேன். என் அக்கா அதே பள்ளியில் எட்டாவது படித்தாள். "கொலுசு என்னுது, கட்டமும் என்னுது" என்று அவளே வெள்ளி ஆகிவிட்டாள். தங்கம் கேட்டு அம்மாவிடம் போனேன். அம்மா வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மா, உன் மூக்குத்திய ஒரு நாளைக்குக் குடும்மா."

"இன்னாத்துக்கு?"

"தங்கம்மா. அணு எண் எழுபத்தொம்போது."

"அப்டியா நைனா? அப்போ மூக்கோட சேத்து அறுத்துகினு போ," என்று கத்தியை என் பக்கம் நீட்டினாள். நான் வெளியே ஓடிவிட்டேன்.

ஓடியவன் நின்ற இடம் மாமாவிடம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடுதான் இருந்தார். கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பார், அதனால் மாமல்லபுரம் கடற்கரையில் பலூன் விற்றார். குப்பத்தில் அவருக்கு அதற்காகவே தனிக் கேலி உண்டு. "மச்சான், இன்னிக்கு எத்தினி கூடை பலூன் மாட்டிச்சி?" என்று படகுக்காரர்கள் கேட்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். வீட்டுக்குப் பின்னால் கீற்று மறைப்புக்குள் ஒரு பழைய இரும்பு சிலிண்டர் வைத்திருந்தார். அதற்குள் என்னென்னவோ போட்டு அவரே கேஸ் தயார் பண்ணுவார். எங்களை அந்தப் பக்கமே விடமாட்டார். சிலிண்டர் வாயில் பலூனை மாட்டினால் குபுகுபுவென்று பருத்து, நூலைக் கட்டியதும் வானத்துக்கு இழுக்கும். விடுமுறை நாளில் கோயிலைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு நடுவே, ஒரு கொத்துப் பலூனோடு அவர் நடந்து போவதைப் பார்த்தால் பலூன்கள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போகின்றன என்று தோன்றும்.

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. மாமா பீடி பிடிப்பவர். ஆனால் பலூன் கையில் இருக்கும்போது பீடி காதில்தான் செருகியிருக்கும். பக்கத்தில் வேறு யாராவது பற்றவைத்தாலும் விரட்டிவிடுவார். சாமி காரியம் மாதிரி தொழில்பக்தி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, இந்தப் பலூனுக்குள்ள இன்னா கேஸு கீது?"

"பறக்குற கேஸு."

"பேரு இன்னா மாமா?"

மாமா நூலுக்கு முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. "உனுக்கு இன்னா பேரு வோணும்?"

"ஹீலியம்."

"அத்தான்டா இது!" என்றார் மாமா. "ஹீலியம். பக்கா ஹீலியம். மெட்ராஸ்ல கூட இப்டி கெடைக்காது மாப்ள."

அட்டவணையின் வலது மேல்மூலையில், யார் தலைக்கும் கீழே இல்லாமல் உச்சியில் இருப்பது ஹீலியம் கட்டம். அதை யாரும் தொடக்கூட நினைக்கவில்லை, ஏனென்றால் குப்பத்தில் அது எங்கே கிடைக்கப் போகிறது? நான் ஒரு மஞ்சள் பலூனோடு மைதானத்துக்குள் நுழைந்தபோது எழுந்த கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. டீச்சர் நூலைப் பிடித்து இழுத்து விட்டுப் பார்த்தார். பலூன் துள்ளி மேலே போயிற்று. அவர் முகமும் அதோடு மலர்ந்தது. "ஹீலியம் பலூன்னு புக்ல போட்டிருக்கே, அதேதான்! எங்கடா புடிச்ச?" என்று கேட்டு, அங்கேயே என்னை அந்தக் கட்டத்தில் நிற்கவைத்தார்.

பிறகு ஹீலியத்தின் குணத்தைச் சொன்னார். அது மந்த வாயு. தன்னிடம் எல்லாம் நிறைவாக இருப்பதால் வேறு யாரோடும் சேராது.

இது போதாதா எனக்கு? அந்த வாரம் முழுக்க நான் யாரோடும் சேரவில்லை. ஈயம் கூப்பிட்டால் திரும்பவில்லை. கபடிக்கு ஆள் குறைந்தபோதும் போகவில்லை. வீட்டில் அக்கா சோற்றுத்தட்டைத் தள்ளியபோது, "ஹீலியம் வெள்ளிகூட ஒக்காந்து சாப்புடாது" என்றேன். அம்மா கரண்டியை எடுத்ததும் ஹீலியம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது.

கண்காட்சி நாள் விடிந்தது. முந்தின நாள் பலூன் என்றால் சுருங்கிப்போகும், அதனால் மாமா காலையில்தான் ஊதினார். மஞ்சளில் பெரியதாகப் பார்த்து, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே. போகிற வழிக்குப் பாதுகாப்பாக நானும் வருகிறேன் என்று டீச்சரிடம் சொல்லி வேனில் ஏறிக்கொண்டார். சும்மா வரவில்லை, ஒரு பெரிய கொத்தையும் எடுத்துக்கொண்டார். செங்கல்பட்டுக் கூட்டத்தில் விற்கலாம் அல்லவா? வேனின் கூரை முழுக்கப் பலூன். அதற்குக் கீழே நாங்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். வளைவில் திரும்பும்போதெல்லாம் பலூன்கள் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமும் போனோம். எங்கள் கூச்சலில் அன்னக்கூடைக்காரி தாளம் வேறு தட்டினாள்.

திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தியபோது டிரைவர் பீடியை எடுத்து வாயில் வைத்தார்.

"அண்ணாத்த! தூரமா போய் புடி!" என்று மாமா போட்ட சத்தத்தில் பீடியே கீழே விழுந்துவிட்டது.

"இன்னாய்யா, என் வண்டில நான் புடிக்கக்கூடாதா?"

"இந்தப் புள்ளைங்கல்லாம் எறங்கினப்பறம் நீ சுருட்டே புடி. இப்ப வேணாம்."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே புளியமரத்தடிக்குப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஹீலியத்துக்கு என்ன மரியாதை பாருங்கள்!

செங்கல்பட்டில் ரயிலையும் பார்த்தோம், ஏரியையும் பார்த்தோம். ஆனால் அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. எங்கு பார்த்தாலும் பல்பு எரிந்தது, தெர்மாகோல் எரிமலை புகைந்தது. வாசல் காவலாளி மாமாவின் பலூன் கொத்தைப் பார்த்து, வியாபாரமெல்லாம் வெளியேதான் என்று சொல்லிவிட்டார். மாமா என் மணிக்கட்டில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, "பத்திரம் மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு கேட்டருகே நின்றுகொண்டார்.

டீச்சர் சாக்பீஸால் மண்டபத் தரையில் கட்டங்களை வரைந்தார். நாங்கள் அவரவர் இடத்தில் நின்றோம். இடது ஓரத்தில் முதல் கட்டம் காலி. வலது ஓரத்தில், மேடைக்கு மிக அருகில், நான். சிறப்பு விருந்தினர் விளக்கேற்றும்போது போட்டோவில் முதலில் விழப் போவது நான்தான் என்று ஈயம் வயிறெரிந்து சொன்னான். மேடைக்குக் கீழே, என் கட்டத்திலிருந்து கையெட்டும் தூரத்தில் குத்துவிளக்கு நின்றது. ஐந்து திரி, பூச்சரம், எண்ணெய், எல்லாம் தயார்.

சிறப்பு விருந்தினர் மெழுகுவத்தியோடு வந்தார். முதல் திரியில் வைத்தார், பற்றியது, அணைந்தது. மறுபடி வைத்தார், மறுபடி அணைந்தது.

"ஃபேனை நிறுத்துங்கப்பா!" என்று யாரோ சொன்னார்கள். எந்த ஊர் விழாவிலும் நடப்பதுதான். ஃபேன் நின்றது, திரிகள் ஒவ்வொன்றாகப் பற்றின. அதுவரை அந்தக் காற்றில் பின்பக்கம் சாய்ந்திருந்த என் பலூன் மெதுவாக நிமிர்ந்தது. நிமிர்ந்து, என்னமோ யோசிப்பதுபோல் ஆடி, விளக்கின் பக்கமாகச் சாய்ந்தது. போட்டோவில் பலூனும் விழட்டுமே என்று நானும் கையை உயர்த்திக் கொடுத்தேன்.

அப்போது ஜன்னல் வழியாக ஓர் அதிசயத்தைப் பார்த்தேன். கேட்டுப் பக்கத்திலிருந்து சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒரு கொத்துப் பலூன் அப்படியே வானத்துக்குக் கிளம்பிப் போயிற்று. அவ்வளவு அழகை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. விழாவுக்காகத்தான் விடுகிறார்கள்போல என்று நினைத்தேன். அடுத்த கணம் காவலாளியைத் தள்ளிக்கொண்டு மாமா உள்ளே ஓடிவந்தார். "நூல வுட்றா! டேய், நூல வுட்றா!" செம்பையும் கந்தகத்தையும் தாண்டிக் குதித்து, என் மணிக்கட்டிலிருந்த நூலை உருவி எறிந்து, என்னைத் தரையில் சாய்த்து மேலே விழுந்தார்.

டமார்!

மாமாவின் கைக்கு அடியிலிருந்து பார்த்தேன். விளக்குக்கு மேலே ஒரு நெருப்பு உருண்டை, பலூனைவிடப் பெரியதாக விரிந்து, இருந்ததா இல்லையா என்று சந்தேகப்படும்படி மறைந்தது. முகத்தில் சூடு அடித்தது. கோழியை வாட்டுகிற வாசனை வந்தது. அது மாமாவின் கைமுடியும் என் புருவமும் பொசுங்கிய வாசனை. பெரியவர்கள் சிதறி ஓடியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் மேடைப்படியில் உட்கார்ந்திருந்தார், மெழுகுவத்தியை மட்டும் விடவில்லை. குத்துவிளக்கின் எல்லாத் திரிகளும் அணைந்திருந்தன.

யாருக்கும் வேறு அடி இல்லை என்று தெரிந்ததும் விழாவுக்கு வந்திருந்த எங்கள் தலைமையாசிரியருக்குக் கோபம் வந்தது. "யாருடா இதைக் கொண்டாந்தது? இவன வெளியே கூட்டினு போங்க மொதல்ல!"

என் கட்டம் அழிந்துகிடந்தது. நாங்கள் விழுந்து புரண்டதில் சாக்பீஸ் கோடே இல்லை. வேனில் இடம் பிடித்து, ஏரியும் ரயிலும் பார்த்து, கடைசியில் எல்லாரும் அவரவர் கட்டத்தில் நிற்க, நான் மட்டும் நிற்க இடமில்லாமல் நின்றேன்.

"என்ன கேஸுப்பா அது?" என்று ஒரு குரல் கேட்டது. நடுவராக வந்திருந்த அம்மா. அணுமின் நிலைய விஞ்ஞானி, அணுபுரத்தில் குடியிருப்பவர் என்று டீச்சர் காலையில் காட்டியிருந்தார்.

"ஹீலியம் மேடம்," என்றேன்.

"ஹீலியமா? ஹீலியம் எரியவே எரியாதே கண்ணா. நெருப்புக்குள்ள தள்ளினாலும் சும்மா இருக்கும்."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தரையைப் பார்த்தார். "பறக்குற கேஸும்மா," என்றார் மெதுவாக. "நெருப்பு ஆவாதுன்னு தெரியும். பேரு தெரியாது. புள்ள ஆசையா ஒரு பேரு கேட்டான், இருக்கட்டும்னு சொல்ட்டேன்."

அந்த அம்மா கோபிக்கவில்லை. அவர் கண்ணில் எங்களுக்கு இருந்த அதே பரபரப்பு இருந்தது. என் தோளில் கைவைத்து, கட்டங்களில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்: "இவன் காத்தைவிட லேசு. பறப்பான். ஆனா நெருப்பு பட்டா டமார்னு எரிவான். அப்போ இவன் யாரு?"

கரிதான் முதலில் கத்தினாள்: "ஹைட்ரஜன்!"

"ஹைட்ரஜன்! ஹைட்ரஜன்!" என்று மொத்தக் குப்பமும் கத்தியது.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வலது ஓரத்திலிருந்து, போரான் கட்டத்தைத் தாண்டி, நடுப்பள்ளத்தின் வழியே, அட்டவணையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு. காலியாகக் கிடந்த முதல் கட்டத்தில் என்னை நிற்கவைத்தார். "ஹீலியம் அணுவோட நடுவுல ரெண்டு புரோட்டான். உனக்கு ஒண்ணே ஒண்ணு. அதான் நீ முதல் ஆளு. ஹீலியம் யாரோடயும் சேராது. நீ கிடைச்சவங்களோட எல்லாம் சேருவே."

"கேட்டுக்கோடா!" என்று தூரத்திலிருந்து ஈயம் கத்தினான். "இனிமே கபடிக்கு வருவியா?"

"சரி, எரிஞ்ச ஹைட்ரஜன் எங்க போச்சு?" என்று அந்த அம்மா கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "எதுவும் காணாமப் போகாது. காத்துல இருக்கிற ஆக்சிஜனைப் புடிச்சுக்கிட்டு தண்ணியா மாறிடுச்சு. இப்போதான், இதே ஹால்ல, உலகத்துல இல்லாத புதுத் தண்ணி கொஞ்சம் பொறந்திருக்கு."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதுதான் தாமதம், அட்டவணை கலைந்துபோயிற்று. செம்பும் துத்தநாகமும் கந்தகமும் வெள்ளியும் தரையில் தவழ ஆரம்பித்தன. "எங்க? எங்க அந்தத் தண்ணி?" மேஜைக்கு அடியில், விளக்கின் அடித்தட்டில், சிறப்பு விருந்தினரின் செருப்புக்குப் பக்கத்தில். "அது ஆவியா போயிருக்கும்டா, கண்ணுக்குத் தெரியாது" என்று டீச்சர் கூவியதை யார் கேட்டார்கள்?

நான்தான் கண்டுபிடித்தேன்.

மாமா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புகை பட்டதுபோல் கண் சிவந்திருந்தது. அவர் தாடையின் விளிம்பில், விழவா வேண்டாமா என்று ஒரு சொட்டு தொங்கியது. நெருப்பு உருண்டைக்கு நேர் கீழே இருந்தவர் அவர்தானே!

"கெடச்சிடுச்சி!" என்று ஓடிப்போய் விரலால் தொட்டேன். தொட்ட விரலை நாக்கில் வைத்தேன். "உப்பா கீதுடா!"

"அப்போ தண்ணிதான்!" என்று ஈயம் தீர்ப்புச் சொன்னான். எங்கள் குப்பத்தில் அடிபம்பை அடித்தால் உப்புத் தண்ணி, தோண்டினால் உப்புத் தண்ணி, எதிரே பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்புத் தண்ணி. தண்ணீர் என்றால் கரிக்கும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "ஆமா கண்ணா, கண்டுபிடிச்சிட்டே," என்றார். மண்டபமே கைதட்டியது. மாமாவும் சிரித்துக்கொண்டே முழங்கையால் முகத்தைத் துடைத்தார்.

பரிசு எங்களுக்கு இல்லை. வெடித்ததற்கு யார் பரிசு கொடுப்பார்கள்? ஆனால் திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் என்னோடு ஒட்டி உட்கார்ந்தார்கள், நானும் கிடைத்தவர்களோடெல்லாம் சேர்ந்தேன். கூரை காலியாக இருந்ததால் நிமிர்ந்து உட்கார முடிந்தது. மாமா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். டிரைவரே பீடி நீட்டியும் வாங்கவில்லை. வீட்டில் அம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "புருவம் எங்கடா?" என்று கேட்டாள். நான் துள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டு முடித்துவிட்டுத் தன் தம்பியைப் பார்த்தாள். மாமா எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

அடுத்த வாரம் பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் அந்த சிலிண்டர் போயிற்று. மாமா பம்பால் ஊதிய பலூனைக் குச்சியில் கட்டி விற்க ஆரம்பித்தார். மேலே பறக்காத பலூன், தலை தொங்கிக்கொண்டு நின்றது. கடற்கரையில் பிள்ளைகள் அவரைக் கடந்து, பறக்கிற பலூன்காரர்களைத் தேடிப் போனார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

"ஏன் மாமா பறக்குறத வுட்டுட்ட?"

"கைல நிக்க மாட்டேங்குது மாப்ள. பிச்சிகினு ஓடிருது."

நான் நம்பினேன். மாமாவுக்குத் தொழில் மறந்துபோச்சு என்று ஈயத்திடம் சொல்லி வருத்தப்பட்டேன். அன்றைக்கு வானத்தில் போன அந்தக் கொத்தையும், விழாவுக்காக விட்டதாகத்தான் ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதிதாய்ப் பிறந்த தண்ணீரைத் தொட்டுச் சுவைத்தவன் நான் என்ற பெருமையும் பல வருஷம் என்னோடு இருந்தது. ஹைட்ரஜன் எரிந்து பிறக்கிற தண்ணீரில் உப்பு இருக்காது என்று எனக்கு அப்போது தெரியாது.